குறைமாசக் குழந்தைக்கு சுகர் ஏன் ஏறுது? ஒரு அம்மாவோட கேள்விக்கு பதில்

கேள்வி: டாக்டர், எனக்கு 27 வாரத்துலயே பிரசவம் ஆகிடுச்சு. பொண்ணு, பிறக்கும்போது 920 கிராம். என்ஐசியூல (பிறந்த குழந்தைங்களுக்கான தீவிர சிகிச்சைப் பிரிவு) இருக்கா. 4-வது நாள் சுகர் 238னு சொன்னாங்க, டிரிப்ப குறைச்சதும் 150க்கு வந்துடுச்சு. அப்புறம் ஒரு வாரம் நல்லாத்தான் இருந்தா, 11-வது நாள் திடீர்னு 270. உடனே இன்ஃபெக்‌ஷன் டெஸ்ட்டுக்கு ரத்தம் எடுத்து ஆன்டிபயாட்டிக் ஆரம்பிச்சுட்டாங்க, இன்சுலினும் போகுது. நான் மாசமா இருந்தப்ப எனக்கு சுகர் இருந்துச்சு, பிரசவத்துக்கு முன்னாடி ஸ்டீராய்டு ஊசி 2 போட்டாங்க. என்னாலதான் குழந்தைக்கு வந்துச்சா? சுகர் ஏறினதுக்கு எதுக்கு இன்ஃபெக்‌ஷன் பார்க்கறாங்க? இது வாழ்நாள் முழுக்க இருக்குமா? ஹெச்பிஏ1சி (மூணு மாச சுகர் சராசரியச் சொல்ற டெஸ்ட்) பார்க்கச் சொல்லுன்னு சொந்தக்காரங்க சொல்றாங்க. என் பால் கொடுக்கறதாலதான் ஏறுதோன்னு பயமா இருக்கு, பால் எடுக்கறத நிறுத்திடவா?

பதில்: முதல்ல உங்க மனசுல இருக்கற அந்த பாரத்த இறக்கி வைங்கம்மா. உங்களுக்கு மாசமா இருக்கும்போது இருந்த சுகர் உங்க பொண்ணுக்கு 4-வது நாளோ 11-வது நாளோ சுகர ஏத்தாது. சொல்லப்போனா அது தலைகீழா வேலை செய்யும். அம்மா ரத்தத்துல இருக்கற குளுக்கோஸ் நஞ்சுக்கொடி வழியா குழந்தைக்குப் போகும், ஆனா அம்மாவோட இன்சுலின் போகாது, அதனால வயித்துக்குள்ள இருக்கற குழந்தை தானே இன்சுலின அதிகமா சுரந்து சமாளிக்கும், பிறந்து தொப்புள்கொடிய வெட்டினதும் குளுக்கோஸ் வரத்து சட்டுனு நின்னுடும், இன்சுலின் மட்டும் மிச்சம் இருக்கும், அப்ப சுகர் இறங்கும். அதனாலதான் சுகர் இருக்கற அம்மாவுக்குப் பிறந்த குழந்தைக்கு முதல் நாள்லயே குதிகால்ல குத்திக் குத்திப் பார்க்கறாங்க, அது குறைஞ்சிடக் கூடாதுங்கற பயத்துல. ஸ்டீராய்டு ஊசியும் அதே மாதிரிதான், அதால பிறந்த உடனே சுகர் இறங்க வாய்ப்பு இருக்கே தவிர 11-வது நாள் ஏறாது. அந்த ரெண்டு ஊசி உங்க பொண்ணோட நுரையீரலுக்கும் மூளைல ரத்தக்கசிவு வராம இருக்கவும் பண்ணின உதவி பெருசு, அதப் போட்டுக்கிட்டதுக்கு ஒருநாளும் வருத்தப்படாதீங்க.

அடுத்து நான் அழுத்திச் சொல்ல வேண்டியது ஒண்ணு இருக்கு. உங்க பொண்ணுக்கு சுகர் ரெண்டு தடவ ஏறியிருக்கு, நீங்க ரெண்டையும் ஒரே பிரச்சனையா எழுதியிருக்கீங்க, ஒரே வியாதி போய்ட்டு திரும்பி வந்துடுச்சுன்னு நினைக்கறீங்க. நாங்க அப்படிப் பார்க்க மாட்டோம். 4-வது நாள் 238ம் 11-வது நாள் 270ம் எங்களுக்கு கிட்டத்தட்ட வேற வேற கதை. நம்பர் எவ்வளவுங்கறத விட அது எப்ப வந்துச்சு, அப்ப குழந்தைக்குள்ள என்னென்ன போய்ட்டு இருந்துச்சு, முந்தின நாளுக்கும் இன்னைக்கும் என்ன மாறுச்சுங்கற மூணுதான் காரணத்தக் காட்டிக் கொடுக்கும்.

பொதுவா ரத்தத்துல 125க்கு மேல, லேப்ல பிளாஸ்மாவா (ரத்த அணுக்களப் பிரிச்சு எடுத்த நீரா) பார்த்தா 150க்கு மேல போனா அதிகம்னு புத்தகத்துல இருக்கும், ஆனா அந்த நம்பருக்கே யாரும் பதற மாட்டாங்க, 180, 200னு தாண்டி ரெண்டு தடவ பார்த்தும் அப்படியே இருந்தாத்தான் ஏதாவது மாத்துவாங்க. 1 கிலோவுக்குக் கீழ பிறக்கற குழந்தைங்கள்ல முதல் வாரத்துல ஒருமுறையாவது சுகர் ஏறற குழந்தைங்கதான் அதிகம், அவ்வளவு சாதாரணம்.

ஒரு பெரிய நம்பர் வந்தா நாங்க முதல்ல கேக்கற கேள்வி, இந்த நம்பர் நிஜமாங்கறதுதான். சின்ன விஷயம் மாதிரி தெரியும், ஆனா ரொம்ப முக்கியம். குழந்தைக்கு போற 10% குளுக்கோஸ் டிரிப்ப ரத்த சுகர் கணக்குல சொன்னா 10,000. நம்ம தேடறது 100, 150. அதே லைன்லயோ அதுக்குப் பக்கத்துலயோ ரத்தம் எடுத்து, அதுல நூத்துல ஒரு பங்கு டிரிப் தண்ணி கலந்துட்டாக்கூட ரிப்போர்ட்ல 100 கூடுதலா வந்துடும், 140 இருக்கற குழந்தை 240னு காட்டும். குதிகால சரியா துடைக்காம குத்தினாலும், கையில ஒட்டியிருந்த சுகர் தண்ணி பட்டாலும் இதே கதிதான். ரத்தம் ரொம்பக் குறைவா இருக்கற குழந்தைக்கு, அதாவது ஹெமட்டோக்ரிட் (ரத்தத்துல சிவப்பணுவோட பங்கு) இறங்கியிருந்தா, சில குளுக்கோமீட்டர் உண்மைய விட கூடுதலா காட்டும். அதனாலதான் வேற இடத்துல இருந்து இன்னொரு சாம்பிள் எடுத்து லேப்புக்கு அனுப்பறாங்க. மறுபடி மறுபடி குத்தறாங்களேன்னு உங்களுக்கு நெஞ்சு வலிக்கும், புரியுது, ஆனா இல்லாத சுகருக்கு இன்சுலின் போட்டா அது குழந்தைக்கு உயிராபத்து, அந்த ஒரு குத்து அதத் தடுக்குது.

நம்பர் நிஜம்னு தெரிஞ்சதும் அடுத்து டிரிப்பத்தான் பார்ப்போம். இங்கதான் 4-வது நாள் கதை இருக்கு. குழந்தைக்கு ஒரு கிலோவுக்கு ஒரு நிமிஷத்துக்கு எத்தனை மில்லிகிராம் குளுக்கோஸ் போகுதுன்னு ஒரு கணக்கு உண்டு, என்ஐசியூல ஜிஐஆர்னு சொல்லிக்குவாங்க, நீங்களும் ரவுண்ட்ஸ்ல காதுல கேட்டிருப்பீங்க. பொதுவா 4ல இருந்து 6க்குள்ள ஆரம்பிச்சு குழந்தை தாங்கறதப் பார்த்துப் பார்த்து ஏத்துவாங்க. இப்ப கவனிங்க, 1 கிலோ குழந்தைக்கு ஒரு நாளைக்கு 80 மில்லி 10% குளுக்கோஸ் போனா இந்தக் கணக்கு சுமார் 5.6 வரும். ஆனா இவ்வளவு சீக்கிரம் பிறந்த குழந்தைக்கு தோல் காகிதம் மாதிரி மெல்லிசு, அது வழியா தண்ணி ஆவியாகிப் போய்ட்டே இருக்கும், அத ஈடுகட்ட ஒவ்வொரு நாளும் தண்ணிய ஏத்துவாங்க, 80, 100, 120, 150னு. அதே 10% பாட்டில வச்சுக்கிட்டே தண்ணிய மட்டும் 150க்கு ஏத்தினா கணக்கு 10.4 ஆகிடும். தண்ணி தேவைக்காக ஏத்தினாங்க, கூடவே சக்கரையும் கிட்டத்தட்ட ரெட்டிப்பாகிடுச்சு, யாரும் சக்கரைய ஏத்தணும்னு நினைக்கல. அப்ப குளுக்கோஸோட சதவீதத்தக் குறைச்சா சுகர் தானா இறங்கும். உங்க பொண்ணுக்கு டிரிப்ப குறைச்சதும் 150க்கு வந்துச்சுன்னு எழுதியிருக்கீங்க பாருங்க, அதுவே பாதி பதில சொல்லிடுது.

இதுல கணக்குல வராம ஒளிஞ்சு போற குளுக்கோஸும் உண்டு. ஆன்டிபயாட்டிக்க எதுல கலக்கறாங்க, பிரஷர் இறங்காம இருக்கக் கொடுக்கற டோபமின் எதுல போகுது, லைன் அடைக்காம இருக்க எது ஓடுது, இதெல்லாம் 5% குளுக்கோஸ்ல இருந்தா எல்லாம் சேர்த்துக் கணக்குப் போடணும். 920 கிராம் குழந்தைக்கு ஒரு மணி நேரத்துக்கு அரை மில்லிங்கறதும் லேசுப்பட்டது இல்ல. பம்ப்புல தப்பான நம்பர் இருக்கா, தப்பான பாட்டில் தொங்குதா, எடைய சரியாப் போட்டிருக்காங்களான்னு ரெண்டு பேர் தனித்தனியா சரிபார்க்கறது நல்ல யூனிட்டோட அடையாளம்.

சரி, வளர்ந்த பிள்ளைக்கு டிரிப்ல கொஞ்சம் கூடப் போனாலும் சமாளிச்சுக்குதே, இவளால ஏன் முடியலன்னு கேப்பீங்க. வயித்துக்குள்ள இருக்கற வரைக்கும் குளுக்கோஸ் அம்மாகிட்ட இருந்து வந்துட்டே இருந்துச்சு, பிறந்ததும் கல்லீரல் தானா தயாரிக்க ஆரம்பிக்கும். நம்ம உடம்புல வெளிய இருந்து குளுக்கோஸ் வந்தா கல்லீரல் தன்னோட தயாரிப்ப நிறுத்திடும். குறைமாசக் குழந்தைக்கு அந்த நிறுத்தற வித்தை இன்னும் முழுசா கைவரல. ஒரே தொட்டிக்கு ரெண்டு குழாய்ல இருந்து தண்ணி விழற மாதிரி, டிரிப்பும் ஊத்துது கல்லீரலும் ஊத்துது. கணையம் இன்சுலின பாதி பக்குவத்துலயே, முழு வேலை செய்யாத வடிவத்துல வெளிய அனுப்புது, அந்த இன்சுலினுக்கும் உடம்பு சரியா கட்டுப்பட மாட்டேங்குது. அதோட குளுக்கோஸ உள்ள இழுத்துக்கற தசையும் கொழுப்பும் கடைசி 3 மாசத்துலதான் உடம்புல சேரும், உங்க பொண்ணு அதுக்கு முன்னாடியே வெளிய வந்துட்டா. இன்னொண்ணு, பால் குடலுக்குள்ள போகும்போது குடல்ல இருந்து சில ஹார்மோன் கிளம்பி கணையத்த எழுப்பும், முதல் நாட்கள்ல பால் சொட்டு சொட்டாத்தான் போகுதுங்கறதால அந்த எழுப்பலும் இல்ல. இதெல்லாம் சேர்ந்து முதல் வாரத்துல ஏறறது, டிரிப்ப திருத்தி நாள் கடந்தா அடங்கிடும். 4-வது நாள் நடந்தது இதுதான்னு நீங்க எழுதினத வச்சு எனக்குத் தோணுது.

இப்ப 11-வது நாளுக்கு வருவோம். ஒரு வாரமா அதே டிரிப்ல, அதே அளவு குளுக்கோஸ்ல நல்லா இருந்த குழந்தைக்கு திடீர்னு 270னா, டிரிப்ல எதுவும் மாறலைன்னா, குழந்தைக்குள்ள ஏதோ மாறியிருக்குன்னு அர்த்தம். அப்ப எங்க மனசுல முதல்ல ஓடறது இன்ஃபெக்‌ஷன்தான். ரத்தத்துல கிருமி புகுந்தா உடம்பு அட்ரினலின், கார்ட்டிசோல், குளுக்ககான்னு ஸ்ட்ரெஸ் ஹார்மோன கொட்டும், அதெல்லாம் சுகர ஏத்தற ஹார்மோன், கூடவே இன்சுலின் வேலைய மந்தமாக்கிடும். பெரியவங்களுக்கு இன்ஃபெக்‌ஷன்னா காய்ச்சல் வரும், இந்தக் குழந்தைங்களுக்கு காய்ச்சல் வராமலே போகலாம், அழக்கூட தெம்பு இருக்காது, சில சமயம் மூச்சு நின்னு நின்னு வர்றதுக்கு முன்னாடி, வயிறு உப்பறதுக்கு முன்னாடி, நிறம் மாறறதுக்கு முன்னாடி இந்த சுகர் நம்பர்தான் முதல்ல கை தூக்கும். ரொம்ப சின்னக் குழந்தைங்களுக்கு வர்ற பூஞ்சை இன்ஃபெக்‌ஷன்லயும் இப்படித்தான். அதனால பிளட் கல்ச்சர் (ரத்தத்துல கிருமி வளருதான்னு பார்க்கற டெஸ்ட்), சிஆர்பி (உடம்புல அழற்சி இருக்கான்னு காட்டற டெஸ்ட்), பிளேட்லெட் எண்ணிக்கை எல்லாம் பார்க்கறாங்க. கல்ச்சர் பதில் வர 36 மணி நேரம், 48 மணி நேரம் ஆகும், அது வரைக்கும் காத்திருந்தா கை நழுவிடும்னுதான் ஆன்டிபயாட்டிக்க முதல்லயே ஆரம்பிச்சாங்க. உங்க டாக்டர் பண்ணினது அவசரம் இல்லம்மா, அதுதான் சரியான வேகம். கல்ச்சர்ல எதுவும் வளரலைன்னா, குழந்தையும் தெளிஞ்சா, மருந்த நிறுத்திடுவாங்க.

இன்ஃபெக்‌ஷன் மட்டும்தான்னு முடிவு கட்டிடவும் கூடாது. குடல் அழற்சி, அதாவது என்இசி, அதுக்காக வயித்து எக்ஸ்ரே எடுத்திருப்பாங்க. மூளைல ரத்தக்கசிவு வந்தாலும் ஏறலாம், அதுக்கு தலைக்கு ஸ்கேன். ஆக்சிஜன் குறைஞ்ச நேரம், வெண்டிலேட்டர்ல திணறல், ஆபரேஷன், தாங்க முடியாத வலி, எல்லாமே அதே ஸ்ட்ரெஸ் ஹார்மோன் வழியா சுகர ஏத்தும். மருந்து பட்டியலையும் ஒருமுறை மேலிருந்து கீழ வரைக்கும் படிக்கணும். நுரையீரலுக்காகவோ பிரஷருக்காகவோ குழந்தைக்கு நேரா ஸ்டீராய்டு, டெக்ஸாமெத்தசோன் இல்லனா ஹைட்ரோகார்ட்டிசோன் போகுதுன்னா அது பெரிய காரணம் (உங்களுக்குப் போட்ட ஊசி வேற, இது வேற, குழப்பிக்காதீங்க). அட்ரினலின், டோபமின் ஏத்தும். மூச்சு நிக்காம இருக்க கொடுக்கற கஃபீனும் இந்தப் பட்டியல்ல வரும், ஆனா வழக்கமான டோஸ்ல அது பெருசா எதுவும் பண்ணாது, அதோட நன்மை அதிகம், அத நிறுத்தச் சொல்லிக் கேக்காதீங்க. கொழுப்பு டிரிப்ப வேகமா விட்டாலும் கொஞ்சம் ஏறும்.

சுகர் ஏறினா என்னதான் ஆகும்னு நீங்க கேக்கல, ஆனா சொல்லிடறேன். சுகர் சிறுநீர் வழியா வழிஞ்சு போகும்போது தண்ணியையும் உப்பையும் கூடவே இழுத்துட்டுப் போகும், குழந்தை வறண்டு போகும், எடை இறங்கும். அதனாலதான் டயப்பர எடை போட்டு எடை போட்டு எழுதிட்டு இருக்காங்க. ரொம்ப நாள் ரொம்ப அதிகமா இருக்கற குழந்தைங்களுக்கு கண்ணோட விழித்திரை பிரச்சனையும் கூடுதலா வருதுன்னு பார்த்திருக்காங்க, சுகர்தான் நேர் காரணமா இல்ல ஏற்கனவே அதிகமா நோய்வாய்ப்பட்ட குழந்தைக்கு ரெண்டும் சேர்ந்து வருதான்னு பிரிக்கறது கஷ்டம். எப்படி இருந்தாலும் ஆர்ஓபி (குறைமாசக் குழந்தைக்கு வர்ற அந்த விழித்திரை பிரச்சனை) கண் பரிசோதனைய ஒரு தேதி கூட தவற விடாதீங்க.

இன்சுலின் போகுதுங்கறதால உங்க பொண்ணுக்கு டயாபடீஸ்னு அர்த்தம் ஆகிடாது. டிரிப்ல குளுக்கோஸ ஒரு அளவுக்கு மேல குறைக்க முடியாது, மூளைக்கு எரிபொருள் வேணும், எடையும் ஏறணும், அதனால ஜிஐஆர 4க்குக் கீழ இறக்கத் தயங்குவாங்க. அதுக்கும் மேல சுகர் இறங்கலைன்னாதான் கொஞ்சூண்டு இன்சுலின், கொஞ்ச நாளைக்கு. முன்னாடி ஒரு நினைப்பு இருந்துச்சு, எல்லா சின்னக் குழந்தைக்கும் ஆரம்பத்துலயே இன்சுலின் கொடுத்துட்டா என்னன்னு. அத முறையா ஆராய்ச்சி பண்ணிப் பார்த்து 2008ல முடிவு வந்துச்சு, பலன் இல்ல, சுகர் ஆபத்தா இறங்கறதுதான் கூடுச்சு. அதுலேருந்து தேவைப்பட்டா மட்டும், அதுவும் அடிக்கடி சுகர் பார்த்துக்கிட்டுன்னு ஆகிடுச்சு. இன்சுலினால பொட்டாசியமும் இறங்கும், அதையும் பார்ப்பாங்க. ஒரு மணி நேரத்துக்கு ஒருமுறை குத்தறாங்களேன்னு நினைச்சீங்கன்னா, இன்சுலின் போகற நேரத்துல குத்தாம இருந்தாத்தான் நான் பயப்படுவேன்.

அப்ப நிஜமான டயாபடீஸ் இந்த வயசுல வராதான்னா, வரும், ரொம்ப அபூர்வம், ஏறத்தாழ 1 லட்சம் பிறப்புக்கு 1. இது பெரியவங்களுக்கு வர்ற சுகரோ சின்னப் பசங்களுக்கு வர்ற டைப் 1ஓ இல்ல, பெரும்பாலும் ஒரே ஒரு ஜீன்ல இருக்கற மாற்றத்தால வர்றது. எப்ப சந்தேகப்படுவோம்னா, குளுக்கோஸ் அளவு நியாயமா இருக்கு, இன்ஃபெக்‌ஷன் இல்ல, ஸ்டீராய்டு இல்ல, அப்படியும் ரெண்டு மூணு வாரம் தாண்டி சுகர் இறங்க மாட்டேங்குது, இன்சுலின நிறுத்தினா உடனே 250, 300னு போகுது, குழந்தையும் வாரத்துக்கு ஏத்த எடை இல்லாம ரொம்ப சின்னதா பிறந்திருக்கு. அப்ப இன்சுலின், சி-பெப்டைடு (கணையம் தானா இன்சுலின் சுரக்குதான்னு காட்டற பொருள்) அளவு பார்த்து, கணையத்துக்கு ஸ்கேன் எடுத்து, ஜீன் டெஸ்ட் அனுப்பணும். ஒரு வகை சில மாசத்துல தானா மறைஞ்சிடும், ஆனா வளரும் வயசுல திரும்ப வரலாம். இன்னொரு வகை நிரந்தரம், அதுல கூட கேசிஎன்ஜே11ங்கற ஜீன் காரணம்னு 2004ல கண்டுபிடிச்ச பிறகு, அந்த மாதிரி குழந்தைங்கள்ல பெரும்பாலானவங்கள ஊசியில இருந்து கிளிபென்கிளமைடுங்கற வாய்வழி மருந்துக்கு மாத்த முடியுது. அதனால "குறைமாசம்தானே, தானா சரியாகும்"னு மாசக்கணக்குல விட்டுடவும் கூடாது. உங்க பொண்ணு ஒரு வாரம் இன்சுலினே இல்லாம நல்லா இருந்தா, அது ஒண்ணே இந்தப் பக்கம் என்னை யோசிக்க விடல.

ஹெச்பிஏ1சி வேண்டாம். அது பெரியவங்களோட ஹீமோகுளோபின்ல ஒட்டின சக்கரைய அளக்கற டெஸ்ட், பிறந்த குழந்தை ரத்தத்துல பெரும்பகுதி கருவுல இருக்கும்போது உருவான வேற வகை ஹீமோகுளோபின், அதோட ரத்தம் ஏத்தியிருந்தா அது வேற ஒருத்தரோட கணக்கையும் சேர்த்துக் காட்டும். பதில் வந்தாலும் உபயோகம் இல்ல, வீணா ஒரு மில்லி ரத்தம் போகும், அவளுக்கு ஒரு மில்லிங்கறது பெருசு. சொந்தக்காரங்ககிட்ட டாக்டர் வேண்டாம்னுட்டாருன்னு சொல்லிடுங்க.

நாளைக்கு ரவுண்ட்ஸ் வரும்போது தயங்காம கேளுங்க. 11-வது நாள் சுகர் ஏறறதுக்கு முன்னாடி டிரிப்லயோ மருந்துலயோ ஏதாவது மாத்தினீங்களா, லேப் சாம்பிள்லயும் அதே நம்பர்தான் வந்துச்சா, கல்ச்சர் எப்ப தெரியும், இன்சுலின் டோஸ் கூடுதா குறையுதா. இந்தக் கடைசி கேள்வி முக்கியம், ஆன்டிபயாட்டிக் வேலை செஞ்சு குழந்தை தெளிஞ்சா இன்சுலின் தேவை தானா குறைஞ்சிட்டே வரும், அது குறையறதே ஒரு நல்ல சேதி. குறையலைன்னா வேற காரணம் தேடணும்னு அவங்களும் யோசிச்சிட்டு இருப்பாங்க, நீங்க கேக்கறது அவங்களுக்கு தொந்தரவு இல்ல.

பால நிறுத்தவே நிறுத்தாதீங்க. உங்க பால்ல இருக்கற சக்கரை லாக்டோஸ், அது குடல் வழியா மெதுவா போகுது, டிரிப் மாதிரி நேரா ரத்தத்துல கொட்டல. குடல் ஹார்மோன எழுப்பி கணையத்துக்கு உதவற வேலையையும் அதுதான் பண்ணுது, என்இசி வராம காக்கறதுலயும் தாய்ப்பாலுக்கு ஈடா எதுவும் இல்ல. வயிறு உப்பியிருக்குன்னு டாக்டர் ஒரு நாள் ரெண்டு நாள் பால நிறுத்தி வைக்கச் சொன்னா அது அவளுக்குக் கொடுக்கறத மட்டும்தான், நீங்க எடுக்கறத இல்ல. ராத்திரியிலயும் ஒரு தடவயாவது எழுந்து, 24 மணி நேரத்துல 8 தடவ எடுத்து, தேதியும் நேரமும் எழுதி நர்ஸ்கிட்ட கொடுத்து ஃப்ரீஸர்ல வைக்கச் சொல்லுங்க. அவளுக்குப் பால் 2 மில்லி, 5 மில்லி, 10 மில்லின்னு ஏற ஏற டிரிப் குறைஞ்சிட்டே வரும், டிரிப் போனதும் பெரும்பாலான குழந்தைங்களுக்கு இந்த சுகர் தொல்லையும் அதோட போயிடும்.